%சி இடைவெளியைத் தாண்டாது
தம்பி, சி மொழியில் கீபோர்டில் தட்டுவதைப் படிக்கிற ஸ்கேன்எஃப் (scanf) பற்றி, ‘ஸ்கேன்எஃப் எதைப் படித்தாலும் முன்னால் கிடக்கும் இடைவெளியைத் தானே தாண்டிவிடும்’ என்று மேலே எழுதியிருக்கிறீர்கள், அது பாதிதான் சரி. முழு எண் படிக்கும் %டி, தசம எண் படிக்கும் %எஃப், சொல் படிக்கும் %எஸ் எல்லாம் தாண்டும்; என்டரும் இடைவெளிக் கணக்குதான். ஆனால் ஒரே ஒரு எழுத்தைப் படிக்கும் %சி, குறிப்பிட்ட எழுத்துகளை மட்டும் படிக்கும் %[, இதுவரை படித்த எழுத்துகளை எண்ணிச் சொல்லும் %என் மூன்றும் தாண்டாது, சி மொழியின் தர வரையறையிலேயே அப்படித்தான்.

மாட்டுத்தாவணியில் டிக்கெட் போடுகிற புரோகிராம் என்று வையுங்கள்: எத்தனை டிக்கெட் என்று %டி-யில் கேட்கிறீர்கள், ஆள் 3 தட்டி என்டர் அடிக்கிறார், 3 மட்டும் உள்ளே போகிறது, அந்த என்டர் அங்கேயே நிற்கிறது, அடுத்து ஏசி வேணுமா என்று %சி-யில் கேட்டால் அவர் விரலை எடுக்கும் முன்பே அந்த என்டர் போய் உட்கார்ந்துகொள்ளும். மதுரையில் படித்தபோது லேபில் ஒரு மத்தியானம் முழுக்க இதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கீபோர்டைக் குறை சொன்ன ஆள் நான்.

“ %சி” என்று சதவீதக் குறிக்கு முன்னால் ஒரு இடைவெளி விடுங்கள், போதும். இதற்காக, மிச்சம் கிடப்பதைத் துடைக்க உள்ளீட்டின் மேல் எஃப்ஃப்ளஷ் (fflush) போடச் சொல்வதை விட்டுவிடுங்கள், தரத்தில் அதற்கு வரையறையே இல்லை.

அப்புறம், ஸ்கேன்எஃப் திருப்பித் தருவது படித்த எழுத்துகளின் எண்ணிக்கை இல்லை, நிரப்பிய மாறிகளின் எண்ணிக்கை. 3-க்குப் பதில் ‘மூணு’ என்று தட்டினால் 0 வரும், தட்டியதும் அப்படியே கிடக்கும், லூப்புக்குள் இருந்தால் நிற்காமல் சுற்றும்.