விடைபெறும் மாணவி ஒபேரா ஏரியா பாடவில்லையாம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் குரலிசையை முதன்மைப் பாடமாக எடுப்பவர்கள், பட்டம் பெறுவதற்கு முன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தனியாக மேடையேறிப் பாட வேண்டும் என்பது பரவலான நடைமுறை. நண்பரின் மகள் அண்மையில் அப்படிப் பாடித் தன் கல்லூரியிடம் விடைபெற்றார். அவர் பாடியவை அனைத்தும் கலைப்பாடல்கள், அதாவது ஏற்கெனவே எழுதப்பட்ட கவிதைக்குக் குரலும் பியானோவும் மட்டும் கொண்டு இசையமைக்கப்பட்டவை. இடைவேளையில் ஒருவர், "நாலு வருஷம் படித்துவிட்டு ஒரு ஒபேரா ஏரியாகூடப் பாடவில்லையே" என்று அலுத்துக்கொண்டார். ஒபேரா என்பது பாடியே நடிக்கப்படும் மேலைநாட்டு இசை நாடகம்; ஏரியா, அதில் ஒரு கதாபாத்திரம் தனித்துப் பாடும் பாடல். அந்த அலுப்பில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை.

ஒபேராவில் கதாபாத்திரம், ஒப்பனை, அரங்க அமைப்பு, நாற்பது ஐம்பது பேர் வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா என்று பாடகரைத் தாங்க எத்தனையோ உண்டு. அவை எதுவும் இல்லாத கல்லூரி மேடையில், ஆர்க்கெஸ்ட்ராவின் வேலையைப் பியானோவின் தலையில் கட்டி ஏரியா பாடினால், உச்சஸ்தாயி ஸ்வரத்துக்குக் கைதட்டல் கிடைக்கலாம்; ஆனால் கேட்பது பாதிப் படைப்புதான். கலைப்பாடலோ பாடகர், பியானோ கலைஞர் என்ற இருவருக்காகவே எழுதப்பட்டது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1814இல், தம் பதினேழாவது வயதில், ஜெர்மன் கவிஞர் கெத்தேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்திலிருந்து எடுத்து இசையமைத்த 'ராட்டையருகே கிரெட்சன்' பாடலைப் பாருங்கள். கிரெட்சன், ராட்டையில் நூற்றபடி காதலனை நினைத்து ஏங்கும் பெண். பியானோவின் வலக்கை ராட்டையாகச் சுழல்கிறது, இடக்கை அதன் மிதிகட்டையாகிறது. காதலனின் முத்தத்தை நினைக்கும் இடத்தில் கிரெட்சனின் குரல் உச்சத்துக்கு ஏறி நிற்க, ராட்டையும் நின்றுவிடுகிறது. பிறகு தயங்கித் தயங்கி மறுபடியும் சுற்றத் தொடங்குகிறது. அந்த நிறுத்தத்தில் நம் மாணவி கையை விரிக்கவில்லை, கண்ணை மூடவில்லை; ராட்டை சுழலத் தொடங்கிய பிறகும் பார்வையை இறக்காமல் இருந்து, தன் அடுத்த அடிக்குச் சற்று முன்புதான் மூச்சை இழுத்தார். நான்கு வருடப் பயிற்சி என்ன செய்திருக்கிறது என்பதை அறிய எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என மொழிக்கு இரண்டு பாடல்கள் வைத்தாக வேண்டும் என்று பல இசைத்துறைகள் விதிப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். உச்சரிப்புப் பயிற்சிக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நிகழ்ச்சி கதம்பமாகிவிடுகிறது. இந்த மாணவி விதிக்குரியதை முதல் பாதியிலேயே முடித்துக்கொண்டு, இரண்டாம் பாதி முழுவதையும் ஜெர்மன் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைப்பாளர் ஷூமான் 1840இல் இசையமைத்த 'கவிஞனின் காதல்' என்னும் பதினாறு பாடல் தொடருக்கே கொடுத்தார். ஆண் பாட வேண்டியதைப் பெண் பாடுவதா என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஷூமான் அதைக் காணிக்கையாக்கியதே வில்ஹெல்மீன் ஷ்ரோடர்-டெவ்ரியன்ட் என்ற பாடகிக்குத்தான்.

தொடரின் முதல் பாடல் தீர்வுக்கு வராத ஒரு நாணிலேயே (பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் 'கார்ட்'டிலேயே) அந்தரத்தில் நின்றுவிடும். கடைசிப் பாடலில், பழைய பாடல்களையும் கனவுகளையும் பெரிய சவப்பெட்டியில் இட்டு, பன்னிரண்டு அரக்கர்களைச் சுமக்கச் செய்து கடலில் ஆழ்த்தச் சொல்கிறான் கவிஞன். அத்துடன் குரலுக்கு வேலை முடிந்துவிடுகிறது, ஆனால் பாடல் முடியவில்லை. பன்னிரண்டாம் பாடலின் இறுதியில் வந்த இசையைப் பியானோ மீண்டும் எடுத்து நிதானமாக விரிக்கிறது. அதுவரை பாடகர் வெறுமனே நின்றாக வேண்டும். தலைகுனிந்து வணங்கத் தயாராகிவிடும் மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரோ அந்த இசை தனக்கே சொல்லப்படுவதுபோல் கேட்டுக்கொண்டு நின்றார். உச்சஸ்தாயியை விட இதுவே கடினம் என்று நான் நினைக்கிறேன்.

அப்படிப்பட்ட இசையை வாசித்த சக மாணவரின் பெயர் நிகழ்ச்சி நிரலில் பொடி எழுத்தில் ஒரு மூலையில் கிடந்தது. பாடகர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசித்துவந்த ஜெரால்ட் மூர் என்ற பியானோ கலைஞர் 1967இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் விடைபெற்றபோது, ஷ்வார்ட்ஸ்காஃப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்சலெஸ், ஃபிஷர்-டீஸ்கவ் என்ற புகழ்பெற்ற பாடகர்கள் மூவரும் அவருக்காக வந்து பாடினார்கள். காரணம், பாடலில் சரிபாதி அவருடையது என்பது அவர்களுக்குத் தெரியும். இசைத்துறையினர் ஏரியாவைச் சேர்க்கலாமா என்று யோசிப்பதை விட்டுவிட்டு, அடுத்த நிரலிலாவது இரண்டு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடட்டும்.