ஒன்றியம் என்றால் சின்னதா?

"ஒன்றிய அரசா? நம்ம பக்கம் ஒன்றியம்னா பி.டி.ஓ. ஆபீஸுங்க. நாட்டையே ஆளுற அரசை அப்படிக் கூப்பிடறதா?"

மத்திய அரசை நான் 'ஒன்றிய அரசு' என்று எழுதுவதைப் பார்த்து, தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இதைப் பலர் கேட்டுவிட்டார்கள். அந்த பி.டி.ஓ. ஆபீஸிலேயே பதிலும் இருக்கிறது. பல ஊராட்சிகள் சேர்ந்தது ஊராட்சி ஒன்றியம். பல மாநிலங்கள் சேர்ந்தது இந்திய ஒன்றியம். இதில் யாருக்கு என்ன குறைச்சல்?

அரசியலமைப்பின் முதல் உறுப்பே இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது. 'மத்திய அரசு' என்பதும் சட்டத்தில் உள்ள பெயர்தான், 1897-ஆம் ஆண்டுப் பொதுப்பிரிவுகள் சட்டத்தில் அதற்கு விளக்கமே உண்டு. அப்படிச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒருவரை நடுவில் உட்கார வைத்துவிட்டால் மற்றவர்களெல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். அதனால் நான் ஒன்றிய அரசு என்றுதான் எழுதுவேன்.

பெயரோடு நின்றுவிடாமல் எந்த அதிகாரம் யார் கையில் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய ரயில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயில்வே ஒன்றியப் பட்டியலில், அதாவது நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் போடக்கூடிய பட்டியலில் இருக்கிறது. இருக்கட்டும், தண்டவாளம் மாநில எல்லையோடு நிற்பதில்லை. அப்படியானால் கேட்க வேண்டியது எம்.பி.யை. நாமோ எம்.எல்.ஏ.வைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு ஆறாதது காடு விஷயம். நெருக்கடி நிலையின்போது, 1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் கல்வியையும் காட்டையும் மாநிலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப்பட்டியலில் வைத்தது. பொதுப்பட்டியல் என்றால் இருவரும் சட்டம் போடலாம். இரண்டும் மோதினால் பெரும்பாலும் நிற்பது நாடாளுமன்றச் சட்டம். அடுத்து 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்கு இயந்திரம் கழுதை மேல் ஏறிப்போனதைத் தேர்தல்தோறும் செய்தியில் பார்த்தோமே, அது மாதிரி மலையூர்களுக்குக் காப்புக்காட்டு வழியாக ரோடு போட வேண்டுமென்றால் பெரும்பாலும் ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். காட்டைக் காக்கத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கி வருகிற ஊரின் ரோட்டை, அந்தக் காட்டை அறிந்தவர்கள் இங்கேயே முடிவு செய்ய முடிய வேண்டும்.

மாநில உரிமைகளை ஆராய 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழ்நாடு அரசு குழு அமைத்தது. கல்வியைப் பற்றிப் பேச எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். காட்டைப் பற்றி தருமபுரிக்காரர்கள் நாம்தான் பேச வேண்டும்.