பிரிந்ததும் விழுந்துவிடாது
"தாய்க்கலத்திலிருந்து பிரிந்ததும் கேப்சூல் புவியீர்ப்பால் தானாகக் கீழே விழுகிறது" என்று, விண்வெளி வீரர்கள் பூமிக்குத் திரும்புவது பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பது சரியில்லை. பிரிந்தாலும் இரண்டும் அதே பாதையில்தான் சுற்றும். முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். ரஷ்யாவின் சோயுஸ் விண்கலத்தில் எஞ்சினைப் பயணத் திசைக்கு எதிராக நாலரை நிமிடத்துக்கு மேல் எரிக்கிறார்கள். மணிக்கு 28,000 கி.மீ. வேகத்தில் குறைவது ஏறக்குறைய 460 கி.மீ.தான், காற்றுமண்டலத்துக்குள் இறங்க அதுவே போதும். அந்த எஞ்சின் இருப்பது கழற்றிவிடப்படும் பகுதியில், அதனால் பிரிவதெல்லாம் அப்புறம்தான். 1969-ல் சோயுஸ் 5-ல் அந்தப் பகுதி கழலவே இல்லை. வெப்பக் கவசம் பின்பக்கம் மாட்டிக்கொள்ள, போரிஸ் வோலினோவ் இருந்த கலம் மூக்கு முன்னாக நுழைந்தது. கதவைச் சுற்றியிருந்த ரப்பர் புகைய ஆரம்பித்துவிட்டது. இணைப்புகள் சூட்டில் அறுந்த பிறகே கலம் சரியான பக்கம் திரும்பியது, மனிதர் பிழைத்தார். மேலே கருத்துப் பகுதியில் ஒருவர், மனிதர்களை ஏற்றிச்செல்லும் இந்தியாவின் ககன்யான் கலத்தை நம்ம பாம்பன் கடலில் இறக்கலாமே என்று கேட்டிருக்கிறார். பாம்பனை ஒட்டிய மண்டபம் ஊர்க்காரனான எனக்கும் ஆசைதான். ஆனால் பாக் நீரிணையில் ஆழம் கிடையாது, விசைப்படகுகள் கிளம்பும் நாளில் வலை இல்லாத இடம் தேடுவதே கஷ்டம். தெற்கே மன்னார் வளைகுடாவிலோ பவளப்பாறைத் தீவுகள். 2014-ல் இஸ்ரோ ஆளில்லாமல் சோதித்த கேர் கலம்கூட அந்தமான் பக்கம் திறந்த கடலில்தான் இறங்கியது.