கோர்ட்டுக்கு முன்னாடியே வழி இருக்கு

"டொக்டர் எழுதிய சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் காசு தராவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போகணும்" என்று மேலே ஒரு அண்ணன் போட்டிருக்கிறார். இது தவறு. இதை நம்பி ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் யாரும் கிளெய்மைக் கைவிட்டுவிடாதீங்க.

பொலிசியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பனியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்க. போனில் சொன்னது கணக்கில் வராது. அடிக்கடி வரும் காரணம் "முன்பே இருந்த நோய்", அதாவது பொலிசி எடுக்க முன்னரே இருந்தது என்பது. ஆஸ்பத்திரியில் இருந்து வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் "நீண்டகாலமாக வலி" என்று ஒரு வரி இருந்தாலே பிடித்துக்கொள்வார்கள். நோய் முதலில் எப்போது தெரிந்தது என்பதற்கு கிளினிக் கொப்பியின் அந்தத் திகதிப் பக்கத்தைப் போட்டோகொப்பி எடுங்க. என்ன நோய், முன்பு கொடுத்த மருந்து ஏன் போதவில்லை, இந்தச் சிகிச்சை ஏன் தேவை என்று ஸ்பெஷலிஸ்ட்டிடம் கடிதம் வாங்குங்க. "அவசியம்" என்ற ஒற்றைச் சொல் உதவாது.

எல்லாவற்றையும் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்திருங்க. அங்கும் மறுத்தால் இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார், கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம்.

ஆனால் வார்டில் தங்கினால்தான் காசு என்று பொலிசியிலேயே இருந்தால், கண்டியில் வெளியே எடுத்த ஸ்கேனுக்கு எந்தக் கடிதமும் எடுபடாது. முதலில் அதைப் பாருங்க.