91ஆம் சங்கீதத்தை எடுத்து அடிக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறுதல் ஜெபத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "தினமும் 91ஆம் சங்கீதத்தை அறிக்கை செய்திருந்தால் இது நடந்திருக்காது." கணவரை அடக்கம் செய்து நான்கு நாள்கூட ஆகாத பெண்ணிடம் சொன்ன வார்த்தை இது. எனக்கு மனசே ஆறவில்லை.

தேவன் ஆபத்திலிருந்து காப்பார் என்று பாடும் அந்த வேதாகமப் பாட்டு தாயத்து அல்ல. வேதத்திலேயே அதைத் தாயத்தாக்கப் பார்த்தது யார்? மத்தேயு 4ஆம் அதிகாரத்தை எடுங்கள். இயேசுவை உப்பரிகையில் நிறுத்தி, தாழக்குதியும், தூதர்கள் ஏந்திக்கொள்வார்கள் என்று பிசாசு எடுத்துக்காட்டியது இதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான். அவர் குதிக்கவில்லை. கர்த்தரைப் பரீட்சை பாராதே என்றார்.

"அப்போ வசனம் பொய்யா?" என்று உடனே வருவீர்கள். பொய் என்று நான் எங்கே சொன்னேன்? "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்று மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்தவன்தான் நானும். 15ஆம் வசனத்தையும் வாசியுங்கள்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து." ஆபத்தே வராது என்றால் ஆபத்தில் கூட இருப்பது எதற்கு? தாயத்து அல்ல என்று அந்தச் சங்கீதமே சொல்கிறது.

எங்களைக் காப்பாற்றியதே என்கிறவர்களுக்கு: சந்தோஷம், ஸ்தோத்திரம் சொல்லுங்கள். அதை வைத்து அடுத்தவர் வீட்டுச் சாவை அளக்காதீர்கள்.

என் அம்மாவின் வேதாகமத்தில் அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டு ஓரம் கறுத்து நைந்திருக்கும். "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி" என்ற வரிக்கு அடியில் பென்சில் கோடு. அம்மா 51 வயதில் போய்விட்டார். அவர் வாசிக்காத நாளா? அப்போதும் ஒருவர் வந்து, வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கும் என்றார். அப்பா தலை நிமிரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசியவர் ஆறுதல் சொல்லத்தானே வந்தார் என்கிறீர்கள். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் நண்பர்களும் அதற்குத்தான் வந்தார்கள். ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதுவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து அவன் பாவத்தைத் தேடியபோதுதான் கெட்டது.

அப்புறம், 88ஆம் சங்கீதமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. கடைசி வரிவரை வெளிச்சம் வராது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும். அம்மா போன பிறகு அப்பா கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தது அதைத்தான். அதை வாசிக்கிறவனுக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது என் முன்னால் வந்து சொல்லட்டும்.

நேற்று ராத்திரி அந்த அக்கா போன் செய்தார். "தம்பி, நடுவுல ரெண்டு நாள் நான் வாசிக்கலை. அதனாலயா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆமென் சொன்ன ஒவ்வொருவரும் போய் அவருக்குப் பதில் சொல்லுங்கள்.