பூட்டத் தெரியாமல் பூட்டினோம்

"இன்னொரு கொள்ளைநோய் வந்தாலும் இனி கோயிலைப் பூட்ட விடமாட்டோம்" என்ற பேச்சு கேரள எல்லையோரம் இருக்கிற களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் பலமாகவே கேட்கிறது. அதற்குள் இருக்கிற கோபம் புரிகிறது. கொரோனா ஊரடங்கில் 2020 மே மாதமே டாஸ்மாக் திறந்துவிட்டது. நம் பெரிய கோயில்கள் (தேவாலயங்கள்) திறக்க செப்டம்பர் 1 ஆயிற்று. ஜூலையில் கிராமப் பஞ்சாயத்துகளில் உள்ள சிறிய கோயில்களுக்கு அனுமதி கொடுத்தார்கள், ஆனால் ஜூலை, ஆகஸ்ட் ஞாயிறுகள் முழுக்க ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை கூட முடியாத கோயில் திறந்தென்ன, பூட்டியென்ன என்று ஜனங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனாலும் சொல்கிறேன், பூட்டியது சரி. பூட்டத் தெரியாமல் பூட்டினோம், அங்கேதான் சறுக்கினோம். சி.எஸ்.ஐ. சேகரக் கமிட்டியிலும் கத்தோலிக்கப் பங்குப் பேரவையிலும் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் இதைப் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

முதலில், ஏன் பூட்ட வேண்டியிருந்தது என்பது. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் வேலி பாடகர் குழு ஒரு கோயில் மண்டபத்தில் இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். வாசலில் சானிடைசர் இருந்தது, யாரும் கட்டிப்பிடித்து வாழ்த்திக்கொள்ளவில்லை. ஆனாலும் 53 பேர் நோயில் விழுந்தார்கள். அதில் 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்கு அறிகுறியை வைத்துக் கணக்கிட்டார்கள். இருவர் இறந்தார்கள். பாடும்போது வாயிலிருந்து வருகிற நுண்துளிகள் பேசும்போது வருவதைவிடப் பல மடங்கு. அவை தரையில் உடனே விழாமல் காற்றிலேயே நிற்கும். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4 அன்று கொடுத்த வழிகாட்டலில் பாடகர் குழு கூடாது என்று எழுதியிருந்ததற்குக் காரணம் இதுதான். நம் கோயில்களில் பல இடத்தில் குவயரை மட்டும் நிறுத்திவிட்டு, சபை முழுவதும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக் கீர்த்தனை பாடினார்கள். இருபது பேர் பாடுவதைத் தடுத்து இருநூறு பேரைப் பாடவிட்டால் ஆபத்து கூடுமே தவிரக் குறையாது.

அந்த ஆண்டு முழுவதும் பெஞ்சைத் துடைப்பதில் காட்டிய அக்கறையில் பாதியை ஜன்னலைத் திறப்பதில் காட்டியிருக்கலாம். காற்று வழியாகப் பரவுவது முக்கியம் என்று உலக சுகாதார அமைப்பே தெளிவாகச் சொல்ல 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது, எனவே யாரையும் குறை சொல்வதற்கில்லை. இப்போது தெரியும். உயர்ந்த கூரையும் நீள ஜன்னலும் உள்ள லண்டன் மிஷன் காலத்துக் கோயில்கள் இந்த விஷயத்தில் நல்லவை. புதிதாகக் கட்டி, கண்ணாடியை அசையாமல் பதித்து, ஸ்பிளிட் ஏசி மாட்டியவைதான் ஆபத்தானவை, ஏனென்றால் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே குளிரவைத்துச் சுற்றிவிடும். சீலிங் ஃபேனும் கலக்கத்தான் செய்யும். ஒரு பக்க ஜன்னலில் பெடஸ்டல் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிட்டு எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்தால்தான் காற்று மாறும். கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வைத்தால் சண்டையே வேண்டாம். வெளியே ஏறக்குறைய 420 காட்டும். உள்ளே ஆராதனை நடக்கும்போது 800க்குள் நின்றால் பரவாயில்லை, 1400க்குப் போனால் அடுத்தவர் விட்ட மூச்சை நிறையவே உள்ளே இழுக்கிறோம் என்று அர்த்தம்.

அடுத்தது இடக்கணக்கு. "அனுமதி கிடைத்தால் திறந்துவிடலாம்" என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. கேரளம் 2020 ஜூன் 9ல் வழிபாட்டிடங்களைத் திறந்தபோது 100 சதுர மீட்டருக்கு 15 பேர், எவ்வளவு பெரிய கட்டடமானாலும் 100 பேருக்கு மேல் கூடாது என்று வைத்தது. 60 அடி நீளம், 30 அடி அகலமுள்ள கோயில் என்றால் 1800 சதுர அடி, அதாவது 167 சதுர மீட்டர். 25 பேர். 300 குடும்பமுள்ள சபையில் வீட்டுக்கு மூவர் வந்தால் 900 பேர், 36 ஆராதனை. ஞாயிறு ஆறு ஆராதனை வைத்தாலும் ஒருவருக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறைதான் இடம். ஆறு ஆராதனைக்கும் நடுவில் அரை மணி நேரம் கதவு ஜன்னலைத் திறந்துபோட வேண்டும், ஒரே போதகர் ஆறு முறை நிற்க வேண்டும். கேரளத்தில் அனுமதி வந்த பிறகும் சில மறைமாவட்டங்கள் திறக்காமல் இருந்ததை விசுவாசக் குறைவு என்று பேசினார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் எடுத்த முடிவு அது.

எல்லைக்காரர்களான நமக்கு ஒரு தனிச் சிக்கல். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி ஊர்களெல்லாம் கன்னியாகுமரி மாவட்டம், ஆனால் திருச்சபை நிர்வாகத்தில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். ஆயர் இருப்பது ஒரு மாநிலம், கலெக்டர் இருப்பது இன்னொரு மாநிலம். சுற்றறிக்கை ஒன்று சொல்லும், ஊரடங்கு உத்தரவு வேறொன்று சொல்லும். 2020 ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று கேரள முதலமைச்சர் அறிவித்தார். புல்லுவிளை, பூவார், பொழியூர் தாண்டினால் நீரோடி. ஒரே கடல், ஒரே சந்தை, கொண்டு கொடுத்த குடும்பங்கள். செக்போஸ்ட்டில் பாஸ் கேட்பதால் நோய் நின்றுவிடாது. ஆகவே எந்த மாநில அரசு எப்போது சொல்லும் என்று பார்த்திருக்காமல், பக்கத்து ஊரில் பரவுகிறது என்று தெரிந்த அன்றே கூடுகையை நிறுத்த ஊர்க்கோயிலுக்கே அதிகாரம் வேண்டும். போதகர், செயலர், ஊரில் உள்ள ஒரு டாக்டர் அல்லது நர்ஸ் என மூன்று பேர் போனில் பேசி முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் நோயாளியை ஏழு நாள் அடைத்துவைத்து ஏழாம் நாள் பார்க்கிற வேலை ஆசாரியனுக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. இது சபைக்கு வெளியே இருந்து வந்து ஏறிய காரியம் அல்ல.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். 2020 மார்ச் 22 ஞாயிறு மக்கள் ஊரடங்கு, 24 இரவு அறிவிப்பு, மறுநாள் நாடே பூட்டு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர். அந்த இரண்டரை வாரத்தில் எல்லாரும் ஓடியது கேமராவின் பின்னால். ஓட வேண்டியது போன் லிஸ்ட்டின் பின்னால். குடும்பப் பதிவேடு வெஸ்ட்ரி (போதகர் அறை) அலமாரிக்குள் பூட்டிக்கிடந்தால், அதில் இருக்கிற நம்பர் பத்து வருடப் பழசாக இருந்தால், சபை என்று ஒன்று ஊரடங்கு நாளில் இல்லை.

300 குடும்பத்துக்கு 15 பேர் போதும். ஆளுக்கு 20 வீடு, வாரம் ஒரு போன், வீட்டுக்கு ஐந்து நிமிடம், இரண்டு மாலையில் முடிந்துவிடும். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்ற அக்கம்பக்கத்துக் குடும்பக் குழுக்கள் இருப்பதால் இது பாதி தயார். சி.எஸ்.ஐ. சபைகளில் பகுதி ஜெபக்கூட்டத்தை வைத்துப் பிரிக்கலாம். லிஸ்ட்டில் பெயரும் நம்பரும் மட்டும் போதாது. பட்டன் போனா, டச் போனா? தனியாக இருக்கிறவரா? தினம் போட வேண்டிய மாத்திரை என்ன, அது தீர்கிற தேதி எது? வருமானம் பால்வெட்டா (ரப்பர்), அண்டி ஆபீசா (முந்திரி ஆலை), கடல் தொழிலா? ஏனென்றால் வேலை நின்ற மூன்றாம் வாரம் யார் வீட்டில் அரிசி தீரும் என்பதை இந்தக் கட்டம்தான் சொல்லும், அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். போன் செய்கிறவர் ஜெபித்துவிட்டு வைக்காமல் "மாத்திரை இருக்கா அம்மா, எத்தனை நாளைக்கு இருக்கு" என்று கேட்க வேண்டும். "சுகமா" என்று கேட்டால் சுகம் என்றுதான் பதில் வரும்.

வாட்ஸ்அப்பை நம்பி ஏமாந்த இடம் ஒன்று உண்டு. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகும். போதகரின் நம்பரைச் சேமிக்காத பாட்டிமாருக்கு ஒரு செய்தியும் போயிருக்காது, அனுப்பியவருக்கும் தெரிந்திருக்காது. லிஸ்ட் போடும்போதே ஒவ்வொருவர் போனிலும் சபை நம்பரைப் பதிந்து கொடுத்துவிடுங்கள். நெட் வேகம் இல்லாத மலையோரப் பகுதிகளுக்கு வீடியோ வேண்டாம். பதினைந்து நிமிட ஆடியோவை மோனோவில் 24 கேபிபிஎஸ் ஆக்கினால் மூன்று எம்பிக்குள் அடங்கும், பேச்சும் ஜெபமும் தெளிவாகக் கேட்கும். பட்டன் போன்காரர்களுக்கு கான்ஃபரன்ஸ் காலில் ஐந்து ஐந்து பேராகச் சேர்த்து ஒரு சங்கீதம் வாசிக்கலாம்.

லைவ் பற்றிச் சுருக்கமாக. அன்றைக்கு யூடியூபில் போனிலிருந்து லைவ் போட 1000 சந்தாதாரர் வேண்டியிருந்தது. புதிதாகச் சேனல் தொடங்கிய சபைகளெல்லாம் அதில்தான் முட்டி நின்றன. கம்ப்யூட்டரில் ஓபிஎஸ் என்ற மென்பொருள் வழியாகப் போட அந்த நிபந்தனை கிடையாது, ஆனால் முதல்முறை லைவை இயக்கினால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும், சனி இரவு தொடங்கினால் ஞாயிறு காலை நடக்காது. படம் சுமாராக இருந்தாலும் ஜனங்கள் பொறுப்பார்கள், ஒலி கெட்டால் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். ஹாலின் ஸ்பீக்கரிலிருந்து வருவதைப் போன் மைக்கில் பிடித்தால் எதிரொலிதான் கேட்கும். மிக்சரிலிருந்து நேரே வயர் எடுக்க வேண்டும். அதையும் அப்படியே போனின் மைக் துளையில் சொருகினால் மிக்சரின் சிக்னல் பல மடங்கு பலமானது என்பதால் குரல் கரகரவென்று உடையும். நடுவில் ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் போட்டால் தீர்ந்தது.

திருவிருந்து விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் ரொட்டியும் திராட்சைரசமும் எடுத்துவைத்து டிவியைப் பார்த்து உட்கொள்ளச் சொல்வதைவிட, கூடும் நாள் வரை காத்திருப்பது நல்லது. அந்தப் பசியும் ஒரு சாட்சிதான். கூடிய பிறகு பொதுக் கிண்ணம் வேண்டாம். அப்பத்தைத் தோய்த்து எடுப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கிட்ட நின்று பாருங்கள், பத்துப் பேரில் இரண்டு பேருடைய விரல்நுனி ரசத்தில் படும். தனித்தனிச் சிறு கிண்ணத்தை ஒருவரே மாஸ்க் போட்டு நிரப்பி, வெள்ளைத்துணியால் மூடி, நெருக்கிய தட்டில் வைக்காமல் மேசையில் இடம்விட்டு வைக்க வேண்டும். குடித்த கிண்ணத்தைச் சோப்புத்தண்ணீர் வாளியில் அவரவரே போட்டுவிட்டுப் போகட்டும். இன்னொன்று, சானிடைசர் போட்ட கை ஈரமாக இருக்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றக் கூடாது. அதில் பெரும்பாலும் 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருக்கும், தீ பிடிக்கும்.

காணிக்கை நின்றால் முதலில் அடிபடுகிறவர்கள் உபதேசியாரும், கோயிலைத் திறந்து பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளையும். மூன்று மாதச் சம்பளத்தைத் தனியாக வைத்திருக்காத சபை கோபுரம் உயர்த்தக் கூடாது என்பேன். க்யூஆர் கோடு வைத்தால் சபைக் கணக்கின் பெயரில் வையுங்கள், பொருளாளரின் சொந்தக் கணக்கில் அல்ல. வளைகுடாவில் இருக்கிற நம் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் கணக்கில் சிக்கிக்கொள்ள வேண்டாம்.

அடக்கம். அடக்கத்துக்கு 20 பேர் என்று வரம்பு இருந்தது. 2020 மார்ச் 15 தேதியிட்ட மத்திய அரசு வழிகாட்டலே வேதம் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம், பையின் ஜிப்பைத் திறந்து முகம் காட்டலாம், ஆனால் தொடவோ முத்தமிடவோ குளிப்பாட்டவோ கூடாது என்று சொல்லியிருந்தது. இது தெரியாமல் ஜெபமே இல்லாமல் புதைத்த குடும்பங்களின் காயம் இன்னும் ஆறவில்லை. சென்னையில் 2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கவிடாமல் கல்லெறிந்தார்களே, அதுபோல் நடக்காமலிருக்க, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி இருக்கிற வீடுகளில் இப்போதே போய் உட்கார்ந்து பேச வேண்டும். மரணம் நடந்த இரவில் பேசிப் பயனில்லை.

பூட்டிய கட்டடத்துக்கும் ஆள் வேண்டும். ஜூன் மழையில் மூன்று மாதம் அடைத்துப்போட்டால் பாட்டுப்புத்தகங்கள் பூத்துப்போகும், கீபோர்டின் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், பெஞ்சின் காலில் செதல் ஏறும். வாரம் ஒரு நாள் ஒருவர் போய் ஜன்னலைத் திறந்து, ஆம்ப்ளிஃபையரை அரை மணி நேரம் ஓடவிட்டு, டேங்க் தண்ணீரைக் கொட்டி நிரப்பட்டும். வழக்கமான நேரத்தில் மணியையும் அடிக்கட்டும். வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஞாயிறு என்று தெரிய வேண்டும்.

கடைசியாக அந்த போன் லிஸ்ட்டுக்கே திரும்புகிறேன். எல்லையோரச் சபைகள் அதில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட வேண்டும்: ரேஷன் கார்டு எந்த மாநிலம். களியக்காவிளைக் கோயிலுக்கு வருகிற, கேரளத்தில் உள்ள பாறசாலை வீட்டுக்கு நிவாரணம் அங்கே, ஆஸ்பத்திரி அங்கே, பாஸ் எழுதிப் பதிய வேண்டிய தளமும் அங்கே. ஊரடங்கு விழுந்த அன்று இரவு அந்த வீட்டுக்கு யார் மாத்திரை கொண்டுபோவது என்பதற்கு, பாறசாலைப் பக்கமே குடியிருக்கிற ஒருவரின் பெயர் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போதே எழுதியிருக்க வேண்டும்.