மாலை போடப்போகும் தம்பிகளுக்கும், நெஞ்சைத் தடவிக்கொண்டே மூட்டை தூக்கும் அண்ணாச்சிகளுக்கும்

மும்பை தாராவியில் ஓர் ஆம்பளையைப் பாராட்ட வேண்டுமென்றால் "அண்ணாச்சி எதையும் தாங்குவாரு" என்பார்கள். அது பொய்யில்லை. திருநெல்வேலிப் பக்கமிருந்து சின்ன வயதில் ரயிலேறி வந்து, தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். மதராசி என்ற ஒரே காரணத்துக்காக 1960களின் கடைசியில் விரட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1992-93 கலவரம், ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மி.மீ. மழை கொட்டிய 2005 ஜூலை 26, கொரோனா வந்து சந்துகளையெல்லாம் சீல் வைத்த 2020, எல்லாவற்றையும் இதே பத்துக்குப் பத்து அறையிலிருந்து பார்த்தவர்கள் அவர்கள்.

என் வருத்தம் வேறு. இத்தனையையும் தாங்க வைத்த அதே பழக்கம்தான் ஐம்பது வயதுக்கு மேல் அவர்களைக் கொல்கிறது. அன்றைக்கு "வலிக்குது" என்று சொன்னால் ஒருநாள் கூலி போகும், அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான். அதனால் சொல்லாமல் இருந்தார்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிடு தூரத்தில் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. இப்போதும் வாயை மூடிக்கொண்டிருப்பதை வீரம் என்று நாம் தட்டிக்கொடுக்கக் கூடாது. அவ்வளவு கஷ்டப்பட்டவருக்கு இன்றைக்கு இருக்கவேண்டிய உறுதி, நேரத்தோடு "எனக்கு முடியல" என்று சொல்வதும், அதன்பிறகு வைத்தியத்தைப் பாதியில் விடாமல் இருப்பதும்தான்.

முதலில் குடி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி வந்தால் எத்தனையோ பேர் மாலை போடுகிறார்கள். தினமும் குவார்ட்டர், ஆஃப் என்று வருஷக்கணக்காகக் குடித்தவர், முந்தின நாள் ராத்திரி வரை குடித்துவிட்டு, காலையில் குளித்து மாலையைப் போட்டு ஒரேயடியாக நிறுத்துகிறார். "மனசுல உறுதி இருந்தா போதும்" என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. சாராயம் மூளையை மந்தப்படுத்திக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். குடி திடீரென்று நின்றால் அந்த வேகம் மட்டும் மிஞ்சுகிறது. கடைசிக் கிளாஸ் முடிந்து ஆறு எட்டு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் வராது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மாலை போட்டவர் என்பதால் வீட்டில் அருள் வந்துவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் காத்து கருப்பு என்பார்கள். உயிரையே எடுக்கக்கூடிய நிலை அது. திருநீறு பூசுங்கள், தப்பில்லை. ஆனால் பூசின கையோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

சரியான வழி இது. மாலை போடுவதற்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே மனநல மருத்துவப் பிரிவுக்குப் போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள், எத்தனை வருஷம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாதி அளவைச் சொன்னால் மருந்தும் பாதிதான் கிடைக்கும், வலிப்பு முழுசாக வரும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைத் தொடங்கி, ஒரு வாரம் போல அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள். அதை மெடிக்கல் கடையில் நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள். அதன்மேல் குடித்தால் மூச்சே அடங்கிவிடும். இன்னொன்று, பலரும் தவறவிடுவது: சாப்பிடாமல் குடித்தவருக்கு வைட்டமின் பி1 தீர்ந்துபோயிருக்கும். பக்கத்து கிளினிக்கில் வெறும் குளுக்கோஸ் பாட்டில் மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1-ம் செலவாகி, நினைவும் நடையும் குழம்பிப் போகலாம். முதலில் பி1 ஊசி, அல்லது இரண்டும் சேர்த்து. "இவர் குடிக்கிறவர்" என்று கூடப் போகிறவர் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும்.

அடுத்தது நெஞ்சுவலி. "கேஸ்தான்" என்று சோடா குடித்து, ஓமத்தண்ணி குடித்து, அதோடு நாலு மாடி மூட்டையும் ஏற்றியவர்கள் கதை ஒவ்வொரு சந்திலும் உண்டு. நடு நெஞ்சில் கல்லை வைத்தது போல அழுத்தம், இடது கை, தாடை, முதுகு வரை பரவுவது, குளிர்ந்த வேர்வை, மூச்சு வாங்குவது, இது பத்துப் பதினைந்து நிமிஷம் விடாமல் இருந்தால் கேஸ் என்று தீர்மானிக்கும் வேலையை ஈசிஜிக்கு விடுங்கள். சர்க்கரை இருப்பவருக்கு வலியே இல்லாமல் வேர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். ரத்தக்குழாய் அடைத்தபடி போகிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கொண்டே இருக்கும், செத்தது திரும்பாது. முதல் ஈசிஜி சரியாக இருந்தாலும் உடனே வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சில மணி நேரம் கழித்து மறுபடி ஈசிஜியும் இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

நம் சந்துக்குள் ஆம்புலன்ஸ் வராது. 108-ஐக் கூப்பிட்ட கையோடு அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு 90 அடி ரோட்டுக்கு வாருங்கள். அவர் "நானே நடப்பேன்" என்பார். விடாதீர்கள். பைக்கில் தானே ஓட்டிப் போக விடவே விடாதீர்கள்.

டிபி பற்றிச் சுருக்கமாக. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, அரசு ஆஸ்பத்திரியில் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள், இலவசம். வழக்கமான டிபிக்கு மருந்து ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு நான்கு மாதம் மூன்று. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது மாத்திரையின் நிறம்தான், ரத்தமில்லை. இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறும். "நமக்கென்ன, நல்லாயிட்டோம்" என்று அப்போதுதான் நிறுத்துகிறார்கள். அரைகுறையாகத் தப்பிய கிருமி மருந்துக்கு அடங்காததாகி, அதே அறையில் தூங்குகிற பேரப்பிள்ளைக்கும் போகும். சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாய் அரசு தருகிறது, பிச்சை என்று நினைக்காமல் வாங்குங்கள்.

கடைசியாக மனசு. இந்த வயது ஆண்கள் அழமாட்டார்கள். சிடுசிடுப்பு கூடும், குடி கூடும், முதுகுவலி தலைவலி என்பார்கள், விடியற்காலை மூன்றரை மணிக்கே முழித்துக்கொள்வார்கள். "நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது அண்ணாச்சி?" என்று கேளுங்கள். இரண்டு வாரமாக இப்படியே என்றால், "செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் "இதுக்குப் போயா" என்று சொல்லிவிடாதீர்கள், அவரைத் தனியாகவும் விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், ராப்பகலாக இலவசம், தமிழிலும் பேசலாம். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூடப் போங்கள். சீட்டு எடுக்கிற வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் உட்காரட்டும்.